பிஜிஎம் படம் ஏன் இப்படி வருகிறது? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடித்தல்

குறுவை அறுவடை முடியும் நேரத்தில் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் ஒரு ப்ராஜெக்ட் தலைகாட்டும். கறுப்புத் துணியில் நெல்லைப் பரப்பி, மேலிருந்து படம் எடுத்து, நிரல் எழுதி எண்ணுவது. ஆயிரம் நெல்லின் எடை ஒவ்வொரு ரகத்துக்கும் குறித்து வைக்கும் அளவு. ஆயிரத்தைக் கையால் எண்ணிப் பார்த்தவருக்கு இந்த ப்ராஜெக்ட் எதற்கென்று விளக்க வேண்டியதில்லை.

மன்னார்குடியிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் பிள்ளைகள் கொண்டுவரும் கோளாறு பெரும்பாலும் எண்ணிக்கையில் இருக்காது.

"சார், அல்காரிதம் ஏதோ தப்பா இருக்கு சார். முந்நூறு நெல்லுக்கு நாலுதான் காட்டுது."

"அது கிடக்கட்டும்ப்பா. படிச்ச படத்தை ஒண்ணும் பண்ணாம அப்படியே திருப்பி எழுதிக் காட்டு."

எழுதிக் காட்டினால் படம் சாய்ந்திருக்கும், பாதியில் நின்றிருக்கும், அல்லது நெல் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருக்கும். நெல்லைத் தேடும் பகுதியை அதுவரை தொடவே கூடாது. பிஜிஎம் போன்ற எளிய படக்கோப்பில், அதாவது பிக்சல் மதிப்புகளைச் சுருக்காமல் வைக்கும் கோப்பில், ஒரு வசதி உண்டு: எந்த வகைத் தப்பு நடந்தது என்பதைச் சேதத்தின் வடிவமே காட்டிக்கொடுக்கும். ஆகவே அறிகுறி வாரியாகவே போகலாம். கட்டளைகளையும் செயற்கூறுகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். நிரலில் ஆங்கில எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

சாம்பல் நிறப் படத்துக்கான பிஜிஎம் கோப்பில் முதலில் ஒரு சிறு ஹெடர். அதில் அடையாளமாக "பி5", பிறகு அகலம், உயரம், உச்ச மதிப்பு (வெள்ளைக்கு உரிய எண்). இவற்றுக்கு இடையே இடைவெளியோ வரிமுறிவோ இருக்கலாம். உச்ச மதிப்புக்குப் பின் சரியாக ஒரே ஒரு வெற்றெழுத்து (இடைவெளி, வரிமுறிவு போன்றது). அதற்கு அடுத்த பைட்டிலிருந்து பிக்சல்கள், இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். சுருக்கம் கிடையாது, வரிசைக்கு வரிசை நிரப்புப் பைட்டும் கிடையாது.

640 × 480 படம் ஒன்றின் முதல் 15 பைட்டுகளைப் பதின்ம எண்ணில் பார்த்தால் இப்படி இருக்கும்:

80 53 10 54 52 48 32 52 56 48 10 50 53 53 10

80, 53 என்பது "பி5". 10 வரிமுறிவு. 54 52 48 என்பது 640. 32 இடைவெளி. 52 56 48 என்பது 480. மறுபடி 10. 50 53 53 என்பது 255. கடைசி 10-தான் அந்த ஒற்றை வெற்றெழுத்து. லினக்ஸில் "ஓடி" கட்டளைக்குப் பைட் வாரியான பதின்ம விருப்பத்தைக் கொடுத்தால் இது அப்படியே திரையில் வரும். எந்தக் கோளாறானாலும் முதல் வேலை இதைப் பார்ப்பது.

இரண்டாவது வேலை, கோப்பின் அளவைக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது. 640 × 480 = 307200. ஹெடர் 15. மொத்தம் 307215 பைட் இருக்க வேண்டும். ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் அதற்குக் காரணம் உண்டு. படத்தைக் கண்ணால் பார்த்து "ஏறக்குறையச் சரிதான்" என்று நகர்கிறவர்கள் பிறகு இரண்டு நாள் வேறு எங்கோ தேடுவார்கள்.

அறிகுறி: கோப்பே திறக்கவில்லை, "தெரியாத வகை" என்கிறது

முதல் இரண்டு பைட்டைப் பாருங்கள்.

255 216 என்றிருந்தால் அது ஜேபெக். யாரோ பெயரின் வால்பகுதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். 137 80 78 71 என்றால் பிஎன்ஜி. பெயரை மாற்றினால் வகை மாறாது. மாற்றிக் கொடுக்கும் மென்பொருளில் திறந்து பிஜிஎம்மாகச் சேமிக்க வேண்டும்.

239 187 191 என்று தொடங்கி அதன் பிறகு 80 வந்தால், கோப்பை யாரோ நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 அடையாளத்தோடு சேமித்திருக்கிறார்கள். எழுத்துவடிவ "பி2" கோப்பு என்றால் அந்த மூன்று பைட்டை நீக்கினால் போதும். "பி5" கோப்பை எடிட்டரில் திறந்து சேமித்திருந்தால் பெரும்பாலும் பிழைக்காது. 127-ஐத் தாண்டிய பைட்டுகள் இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்திருக்கும். நடுவில் 239 191 189 திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அசல் மதிப்புகள் போய்விட்டன, மூலப்படத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

80 50 என்று வந்தால் அது "பி2". பிக்சல் மதிப்புகளை எழுத்தாகவே எழுதும் வகை. நிரல் "பி5"-ஐ மட்டும் எதிர்பார்த்தால் நியாயமாகவே மறுக்கும்.

முதல் இரண்டு பைட் சரியாக இருந்தும் அகலம் 0 என்றோ குப்பை எண்ணாகவோ வந்தால், ஹெடரில் "#" குறியோடு ஒரு குறிப்பு வரி இருக்கும். கிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளில் சேமித்த கோப்புகளில் இரண்டாவது வரியாகத் தன் பெயரையும் பதிப்பையும் அது எழுதி வைக்கும். "%டி" கொண்டு நேரே எண்ணைப் படிக்கும் நிரல் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். ஹெடர் எண் ஒவ்வொன்றையும் படிக்கும் முன் வெற்றெழுத்துகளைத் தாண்டுங்கள், "#" வந்தால் வரிமுறிவு வரை தள்ளிவிடுங்கள், மறுபடி வெற்றெழுத்தைத் தாண்டுங்கள், அப்புறம் எண். இதைத் தனிச் செயற்கூறாக எழுதி மூன்று முறை அழைத்தால் தீர்ந்தது.

விண்டோஸ்காரர்களுக்கு இன்னொன்று. கோப்புறைக்கு "குறுவை" என்று ஆசையாகத் தமிழில் பெயர் வைத்திருந்தால், ஓபன்சிவி என்னும் பட நிரலகத்தின் படம் படிக்கும் செயற்கூறு அந்தப் பாதையைக் கண்டுகொள்ளாமல் போகக்கூடும். பிழைச்செய்தியோடு நிற்காமல் வெறுமையைத் திருப்பிக் கொடுக்கும். நிரல் நாலு வரி தள்ளி வேறெங்கோ விழும். பைட்டுகளைப் பைத்தானின் நம்பை நிரலகம் மூலம் படித்து, பிறகு ஓபன்சிவியிடம் நினைவகத்திலிருந்து விரிக்கச் சொல்லலாம். அல்லது கோப்புறைப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஒரு தமிழ் வாத்தியார் இப்படிச் சொல்வது எனக்கே உறுத்தத்தான் செய்கிறது.

அறிகுறி: படம் சாய்ந்து கிடக்கிறது

ஐப்பசி மழையில் சாய்ந்த வயல்போல நெல்லெல்லாம் ஒரே பக்கம் படுத்திருக்கும். எல்லாரும் மாட்டுவது இங்கேதான். சாய்வில் இரண்டு வகை இருப்பதால் அவசரப்படாமல் பாருங்கள்.

முதல் வகை, சீரான சாய்வு. மேலிருந்து கீழ்வரை ஒரே கோணம். அகலத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டால் இப்படித்தான் வரும். துணியின் நேர்விளிம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, 100 வரிசை கீழே இறங்கும்போது அது எத்தனை பிக்சல் நகர்கிறது என்று பாருங்கள். 200 நகர்ந்தால் வரிசைக்கு 2 பிக்சல் பிழை. பிஎம்பி கோப்பைப் பிஜிஎம் ஆக்கும் நிரலில் இது வழக்கமாக வரும். 8 பிட் பிஎம்பியில் ஒவ்வொரு வரிசையும் 4-இன் மடங்காக நிரப்பப்படும். 638 பிக்சல் அகலப் படத்தில் வரிசைக்கு 640 பைட் இருக்கும். அந்த இரண்டையும் பிஜிஎம்முக்கு அப்படியே கடத்தினால் சாய்வு நிச்சயம். 640 அகலத்தில் வேலை செய்த நிரல், படத்தை ஓரம் வெட்டியதும் கெட்டுப்போவதற்கும் இதுவே காரணம். கூடவே படம் தலைகீழாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்: பிஎம்பி வழக்கமாகக் கீழ் வரிசையிலிருந்து தொடங்கும்.

சாய்வு மிகக் கடுமையாகி, படமே பட்டைபட்டையாகச் சிதறித் தெரிந்தால் அகலமும் உயரமும் இடம் மாறியிருக்கலாம். ஒரு பிக்சலின் இடத்தைக் கணக்கிடும் சூத்திரம் இது:

இடம் = வரிசை × அகலம் + நெடுவரிசை

வரிசையை உயரத்தால் பெருக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். நம்பையில் அர்ரேயின் வடிவம் உயரம், அகலம் என்ற வரிசையில் வரும். பிஜிஎம் ஹெடரோ அகலத்தை முதலில் எழுதும். வடிவத்தை அப்படியே ஹெடரில் கொட்டினால் இடம் மாறிவிடும். சதுரப் படத்தில் சோதித்தவர்களுக்கு இது கடைசிவரை தெரியவே தெரியாது.

இரண்டாவது வகை, ஒழுங்கற்ற சாய்வு. சில வரிசைகள் நேராக இருக்கும், திடீரென்று ஒரு படி வலப்பக்கம் தள்ளும், கறுப்புத் துணி அதிகமாக இருக்கும் பகுதியில் சாய்வு கூடும், நெல் நிறைந்த பகுதியில் குறையும். படத்தின் உள்ளடக்கத்தைப் பொறுத்துச் சாய்வு மாறினால், பிக்சல் மதிப்பு எதுவோ வேறாக மாற்றி எழுதப்படுகிறது என்று பொருள். விண்டோஸில் கோப்பை எழுத்து முறையில் (டெக்ஸ்ட் மோட்) திறந்து எழுதினால், மதிப்பு 10 உள்ள ஒவ்வொரு பைட்டும் 13, 10 என்று இரண்டாகிவிடும். நிழல் விழுந்த கறுப்புத் துணியில் 10 என்பது அபூர்வமான மதிப்பே இல்லை. அப்படிப்பட்ட ஒவ்வொரு பிக்சலும் தனக்குப் பின்னால் உள்ள படம் முழுவதையும் ஓர் இடம் வலப்பக்கம் தள்ளுகிறது. கோப்பின் அளவும் கணக்கைவிடக் கூடுதலாக நிற்கும். சி மொழியில் கோப்பைத் திறக்கும் எஃப்ஓபனின் இரண்டாவது வாதத்தில் "டபிள்யூ" என்று மட்டும் இருப்பதை "டபிள்யூபி" என்று மாற்றுங்கள். ஓர் எழுத்துதான். லினக்ஸில் இந்த வேறுபாடு இல்லாததால், ஆய்வகக் கணினியில் ஓடிய நிரல் வீட்டு மடிக்கணினியில் கெடும். பிள்ளைகள் மடிக்கணினியைத் திட்டுவார்கள்.

அறிகுறி: மேலே சில வரிசை மட்டும் வருகிறது, மீதி ஒரே நிறம்

அதே நோயின் இன்னொரு முகம். விண்டோஸில் சி நிரல் கோப்பை எழுத்து முறையில் படிக்கும்போது, மதிப்பு 26 உள்ள பைட்டைக் கண்டால் கோப்பு முடிந்துவிட்டது என்று நின்றுவிடும். எங்கே நிற்கிறது என்பது படத்துக்குப் படம் மாறுவதால் குழப்பம் அதிகம். நன்றாக வெளிச்சம் விழுந்த படம் முழுதாக வரும், மங்கலான படம் இரண்டாவது வரிசையிலேயே செத்துவிடும். இதைக் கேமராக் கோளாறு என்று நினைத்து விளக்கை மாற்றிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. "ஆர்" என்பதை "ஆர்பி" ஆக்குங்கள். பிக்சல்களைப் படிக்கும் எஃப்ரீட் திருப்பிக் கொடுக்கும் எண்ணையும் பாருங்கள். 307200 கேட்டு 1143 வந்தால் அது சொல்லத்தானே செய்கிறது, கேட்க ஆள்தான் இல்லை.

மேல்பகுதி முழுதும் சரியாக இருந்து, அடியில் கடைசிச் சில வரிசை மட்டும் இல்லையென்றால் வேறு காரணம். எழுதிய கோப்பை மூடாமலே படிக்கப் போகிறீர்கள். கடைசிப் பகுதி இன்னும் பஃபர் என்னும் தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. எஃப்குளோஸ் போட்டுவிட்டுப் படியுங்கள். பைத்தானில் "வித்" கட்டுக்குள் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: படம் முழுவதும் ஒன்றிரண்டு பிக்சல் இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்திருக்கிறது

கண்ணுக்கு எளிதில் தெரியாது. இடது ஓரத்தில் இருக்க வேண்டிய ஒரு கோடு வலது ஓரத்தில் மெல்லிசாக எட்டிப்பார்க்கும்.

சி-யில் ஹெடரைப் படிக்கும் எஃப்ஸ்கேன்எஃப் அமைப்பின் கடைசியில் ஓர் இடைவெளியோ வரிமுறிவோ வைத்திருந்தால் அது ஒரே ஒரு வெற்றெழுத்தைத் தாண்டுவதில்லை. வரிசையாக எத்தனை இருந்தாலும் அத்தனையையும் விழுங்கும். 9, 10, 11, 12, 13, 32 ஆகிய ஆறு மதிப்புகளும் அதன் கண்ணுக்கு வெற்றெழுத்துதான். படத்தின் இடது மேல் மூலை கறுப்புத் துணி. அங்கே முதல் பிக்சல்கள் 11, 12, 10 என்று இருந்தால் மூன்றும் போயிற்று. படம் மூன்று பிக்சல் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. மூலையில் வெளிச்சம் இருந்தால் எல்லாம் சரியாகவே வரும். கடைசி "%டி"-க்குப் பின் எதையும் வைக்காதீர்கள். அதன் பிறகு ஒரு பைட்டை மட்டும் படிக்கும் எஃப்கெட்சி ஒரே ஒரு தடவை, உடனே எஃப்ரீட்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். விண்டோஸ் பாணியில் 13, 10 என்று முடியும் ஹெடர் உள்ள கோப்பில் 13 அந்த ஒற்றை வெற்றெழுத்தாகக் கழிந்துவிடும். 10 முதல் பிக்சலாக நுழைந்து எல்லாவற்றையும் ஓர் இடம் வலப்பக்கம் தள்ளும். படிக்கும் நிரலில் ஒட்டுப்போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். கோப்பை எழுதியவரைத்தான் திருத்த வேண்டும்.

அறிகுறி: முழுக் கறுப்பு

கோப்பின் அளவு சரியாக இருந்தால் மதிப்புகளில் சிலவற்றை அச்சிட்டுப் பாருங்கள்.

0-ஆகவும் 1-ஆகவும் மட்டும் இருந்தால், நெல்லையும் துணியையும் பிரித்த முகமூடிப் படத்தை எழுதியிருக்கிறீர்கள். 255-இல் 1 என்பது கண்ணுக்குக் கறுப்புதான். 255-ஆல் பெருக்குங்கள், அல்லது ஹெடரில் உச்ச மதிப்பை 1 என்று எழுதுங்கள்.

எல்லாம் 0, அங்கங்கே மட்டும் 255 என்றால் முழு எண் வகுத்தல். மதிப்பை உச்சத்தால் வகுத்துவிட்டு 255-ஆல் பெருக்கியிருப்பீர்கள். 200-ஐ 255-ஆல் வகுத்தால் முழு எண்ணில் 0. உச்சத்தில் இருக்கும் பிக்சல் மட்டும் 1 ஆகித் தப்பிக்கும். முதலில் பெருக்கி, பிறகு வகுக்க வேண்டும். பைத்தானில் 0 முதல் 1 வரை உள்ள தசம மதிப்புகளை நேரே 8 பிட்டாக மாற்றினாலும் இதே கதிதான்.

அறிகுறி: நெல்லின் நடுவில் கறுப்பு ஓட்டை, அல்லது நெல்லே கண்ணில் படவில்லை

முந்நூறு நெல்லுக்கு நாலு காட்டிய கதை இதுதான். இன்டெல், ஏஎம்டி கணினிகளில் சி-யின் "சார்" வகை வழக்கமாகக் குறியுள்ளது (கழித்தல் எண்ணையும் ஏற்பது). −128 முதல் 127 வரைதான் கொள்ளும். 200 உள்ள பிரகாசமான நெல் −56 ஆகிவிடும். "140-க்கு மேல் இருந்தால் நெல்" என்ற நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது. எல்லையை 100 என்று வைத்தால், 100-க்கும் 127-க்கும் இடைப்பட்ட மங்கலான நாலு கருக்காய் மட்டும் மாட்டும். முற்றிய நெல் எல்லாம் தப்பிவிடும். "அன்சைன்ட் சார்" என்று மாற்றினால் தீரும். அதே நிரல் ராஸ்பெரி பையில் ஒழுங்காக ஓடும். ஏஆர்எம் லினக்ஸில் "சார்" வழக்கமாகக் குறியற்றது. ஓர் இயந்திரத்தில் ஓடுகிறது என்பது நிரல் சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

ஓட்டை மட்டும் விழுந்தால் வேறு. வெளிச்சத்தைக் கூட்ட எல்லாப் பிக்சலிலும் 40 சேர்த்திருப்பீர்கள். 230 + 40 = 270; 8 பிட்டில் அது சுற்றிக்கொண்டு வந்து 14 ஆகும். நெல்லின் பளபளப்பான நடுப்பகுதி கறுப்பாகவும் ஓரம் வெள்ளையாகவும் தெரியும். நம்பையின் 8 பிட் அர்ரே எச்சரிக்கை ஏதுமின்றி இதைச் செய்யும். 16 பிட்டுக்கு மாற்றி, கூட்டி, 0–255-க்குள் வெட்டி, பிறகு 8 பிட்டுக்குத் திரும்புங்கள். ஆடுதுறை 43 போன்ற சன்ன ரகத்தில் ஒரு நெல்லுக்குக் கிடைக்கும் பிக்சலே குறைவு. நடுவில் ஓட்டை விழுந்தால் ஒன்றை இரண்டாக எண்ணும்.

அறிகுறி: மழமழப்பான பகுதியில் வரிவரியாக வளையங்கள்

உச்ச மதிப்பு 255-ஐத் தாண்டினால் பிக்சலுக்கு இரண்டு பைட், பெரிய பைட் முதலில். 300 என்பதைக் கோப்பில் 1, 44 என்று எழுத வேண்டும். நம் கணினிகள் பெரும்பாலும் சிறிய பைட்டை முதலில் வைப்பவை. நினைவகத்தில் இருப்பதை அப்படியே எஃப்ரைட் செய்தால் 44, 1 என்று போய், படிப்பவருக்கு 11265 ஆகத் தெரியும். ஒவ்வொரு பிக்சலையும் 256-ஆல் வகுத்து, ஈவை முதலிலும் மீதியைப் பிறகும் எழுதுங்கள். ஓபன்சிவியில் படிக்கும்போது "மாற்றாதே" என்ற விருப்பத்தைக் கொடுக்காவிட்டால் 16 பிட் படத்தை 8 பிட்டாகக் குறைத்துத் தரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மேல் மூன்றிலொரு பாகத்தில் மூன்று குட்டிப் படங்கள்

சாம்பல் படத்தை மூன்று நிறப் படமாகப் படிக்கிறீர்கள். அடையாளம் "பி6" என்று போயிருக்கும், அல்லது பிக்சலுக்கு மூன்று பைட் என்று லூப் ஓடும். வேறு காரணம் இல்லை.

அறிகுறி: கறுப்பும் வெள்ளையும் இடம் மாறியிருக்கிறது

கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் மைப்படிகளை வைத்து வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மைப்படியில் கல்லின் பரப்பு கறுப்பாகவும் வெட்டிய எழுத்து வெள்ளையாகவும் விழும், அதுவே இயல்பு. ஆகவே படத்தைப் பார்த்து "தலைகீழ்" என்று முடிவு கட்டாதீர்கள், அடையாளத்தைப் பாருங்கள். "பி2", "பி5" வகைகளில் 0 கறுப்பு. "பி1", "பி4" என்னும் இருநிற வகைகளில் 1-தான் கறுப்பு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது புரட்டிப்போட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பிடிக்க

நெல் படத்தை ஓரமாக வைத்துவிட்டு 32 × 8 அளவில் ஒரு சோதனைப் படம் எழுதுங்கள். மொத்தம் 256 பிக்சல். முதல் பிக்சல் 9, அடுத்தது 10, இப்படி 255 வரை போய், பிறகு 0 முதல் 8 வரை. ஒவ்வொரு மதிப்பும் ஒரே ஒரு முறை வரும். சதுரமாக இல்லாததால் அகலமும் உயரமும் மாறினால் ஹெடரிலேயே தெரியும்.

ஹெடர் 12 பைட். கோப்பு 268 பைட் இருக்க வேண்டும். 272 என்று காட்டினால் விண்டோஸில் எழுத்து முறையில் எழுதியிருக்கிறீர்கள்: ஹெடரின் மூன்று வரிமுறிவும் 10 என்ற ஒரு பிக்சலும் இரட்டித்துவிட்டன. சரியான கோப்பைப் படிக்கும்போது எஃப்ரீட் 17 மட்டும் கொடுத்தால், எழுத்து முறையில் படித்து 26-இல் நின்றிருக்கிறது. 251 கொடுத்தால், எஃப்ஸ்கேன்எஃப் முதல் ஐந்து பிக்சலை விழுங்கியிருக்கிறது. 256-ம் வந்துவிட்டால் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். 32640 வர வேண்டும். −128 என்று வந்தால் "சார்" குறியுள்ளதாக இருக்கிறது.